சரக்கு எப்ப காணாம போச்சு? மரைன் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பத்தி நம்ம கரையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடின்னு நம்ம ராமநாதபுரம் கரையில இருந்து முண்டு வத்தல், கருவாடு, ஐஸ்ல வச்ச கணவாய், நண்டு, காஞ்ச கடல்பாசி, கருவேல மரக்கரின்னு என்னென்னமோ தூத்துக்குடி வழியா வெளிய போகுது. போற வழியில கொஞ்சம் காணாம போறதும் நடக்குது. நான் வக்கீல் இல்ல, ஷிப்பிங் பேப்பரும் க்ளெய்ம் ஃபைலும் பாக்குற ஆளு. ஆளாளுக்கு போன்ல கேக்குறதுக்கெல்லாம் தனித்தனியா சொல்லிக்கிட்டு இருக்க முடியல, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். பெரிய தொகைன்னா ஒரு நல்ல வக்கீலப் பாத்துருங்க.

திருடு போனது உண்மை, எஃப்ஐஆர் இருக்கு, பாலிசியும் இருக்கு. அப்புறம் எதுக்கு "எப்ப போச்சு எப்ப போச்சு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க?

ஏன்னா பாலிசி சரக்குக்கு மட்டும் இல்ல, ஒரு நேரத்துக்கும் ஒரு பாதைக்கும் சேத்துதான். உங்க கோடவுன்ல லோடு ஏத்த ஆரம்பிக்கிறதுல இருந்து அந்தப் பக்கம் வாங்குறவன் கோடவுன்ல இறக்கி முடிக்கிற வரைக்கும்னு வச்சுக்கங்க, அதுக்கு முன்னாடி போனதுக்கும் பின்னாடி போனதுக்கும் அவங்க பொறுப்பு கெடையாது. திருட்டு நடக்கவே இல்லன்னு சண்டை போடுற கம்பெனி கம்மி. "நடந்துச்சு, ஆனா எங்க நேரத்துல நடக்கல"ன்னு சொல்றதுதான் ஜாஸ்தி, அப்படிச் சொல்றது அவங்களுக்கு சுலபமும் கூட.

இதுக்கு 1980ல லண்டன்ல வந்த ஒரு தீர்ப்ப இன்னைக்கும் எடுத்து வீசுவாங்க, ஃபூயர்ஸ்ட் டே லாசன் எதிர் ஓரியன் இன்சூரன்ஸ். இந்தோனேசியாவுல இருந்து வாசனை எண்ணெய் டிரம் டிரம்மா வந்து இறங்குது, திறந்து பாத்தா உள்ள தண்ணி, மேல லேசா எண்ணெய் வாடை. எல்லா ரிஸ்க்கும் கவர் ஆகுற பாலிசிதான், ஆனாலும் வாங்குனவங்க தோத்துட்டாங்க. காரணம், கிளம்புறப்பவே அந்த டிரம்முல எண்ணெய் இருந்துச்சுன்னு அவங்களால காட்ட முடியல. பேப்பர்ல எண்ணெய்னு இருந்தது போதல. நம்ம ஆளுங்க தொண்ணூறு சதவீதம் பேரு "எப்ப போச்சு"ன்னு வழியிலயே தேடிக்கிட்டு இருப்பாங்க, கிளம்புறப்ப இருந்துச்சான்னு யாரும் ஃபைல்ல வைக்கிறதே இல்ல.

அப்ப எந்த நாளு, எந்த நேரம்னு சரியா நிரூபிக்கணுமா? நடுக்கடல்ல போயிருந்தா நான் எங்க போய் பாக்க?

வேணாம். கடைசியா எங்க, யாரு கண்ணுல, சரக்கு முழுசா இருந்துச்சு. முதல்ல எங்க குறைவுன்னு தெரிஞ்சுச்சு. இந்த ரெண்டு முனையும் பாலிசி காலத்துக்கு உள்ள விழுந்துருச்சுன்னா நடுவுல எந்த நிமிஷம் போச்சுங்கிறது உங்க தலைவலி இல்ல. ஆல் ரிஸ்க் பாலிசியில இன்ன விதமா, இன்ன ஆளால போச்சுன்னு காட்ட வேண்டியதில்ல, தற்செயலா ஏதோ ஒண்ணு நடந்து போச்சுன்னு காட்டுனா போதும்னு 1921லயே இங்கிலாந்து பிரபுக்கள் சபை, அப்ப அங்க அதுதான் கடைசி கோர்ட்டு, காண்ட் வழக்குல சொல்லிருச்சு. நம்ம 1963 மரைன் இன்சூரன்ஸ் சட்டம் கிட்டத்தட்ட அவங்க 1906 சட்டத்தோட நகல்தான், அதனால அந்த பழைய தீர்ப்பெல்லாம் இங்கயும் ஓடும்.

அளவுகோலும் கொலக்கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாம காட்டுறது இல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு பாக்குறதுதான். பாலிசி காலத்துக்குள்ள நஷ்டம்ங்கிற வரைக்கும் உங்க சுமை, அதுக்கப்புறம் "இல்ல, இது பாலிசியில விலக்கி வச்ச காரணத்தால போச்சு"ன்னா அத காட்ட வேண்டியது அவங்க.

பிரச்சனை எப்ப வருதுன்னா ஒரு முனை பாலிசிக்கு வெளிய கிடக்குறப்ப. செவ்வாக்கிழமை கோடவுன்ல எண்ணி வச்சீங்க, வெள்ளிக்கிழமை லோடு ஏத்துனீங்க, ஏத்துறப்ப யாரும் எண்ணல. அந்த மூணு நாள் ராத்திரி பாலிசியில இல்ல. நீங்க எவ்வளவு யோக்கியமா இருந்தாலும் அந்த ஓட்டை ஓட்டைதான்.

பாலிசி எந்த நிமிஷம் ஆரம்பிக்குது, எப்ப முடியுது?

உங்க பாலிசியில எந்த கிளாஸ், அதாவது எந்த நிபந்தனைத் தாள், ஒட்டியிருக்குன்னு மொதல்ல பாருங்க. இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் 1982னு இருந்தா சரக்கு கோடவுன விட்டு கிளம்புறப்ப ஆரம்பம். 2009னு இருந்தா கொஞ்சம் முன்னாடியே, அதாவது வண்டியில உடனே ஏத்துறதுக்காக கோடவுனுக்குள்ள முதல் அசைவு குடுத்த உடனே. லோடிங் அன்னைக்கு ராத்திரி வாசல்ல நிக்கிற லாரியில இருந்து மூட்டை போச்சுன்னா இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

முடியுறது மூணு நாலு விதமா இருக்கு. போய் சேர வேண்டிய கோடவுன்ல இறக்கி முடிச்சா முடிஞ்சிச்சு, கடைசி துறைமுகத்துல கப்பல விட்டு இறக்கி 60 நாள் ஆனாலும் முடிஞ்சிச்சு, எது முந்துதோ அது. இதுல நம்ம ஆளுக மாட்டுறது இன்னொன்னு: கன்டெய்னரயோ லாரியவோ வழக்கமான பயணத்துக்கு வெளிய, தன் வசதிக்கு ஸ்டோர் மாதிரி நிறுத்தி வைக்கிறது. "பொங்கல் முடிஞ்சு இறக்கிக்கலாம், அப்படியே நிக்கட்டும்"னு வாங்குறவர் முடிவு பண்ணுன அந்த நேரத்துலயே பாலிசி முடிஞ்சிரும், பொங்கல் அன்னைக்கு பூட்ட உடைச்சா அது அவரு நஷ்டம்.

உள்நாட்டுக்குள்ள லாரி, ரயில்னா இன்லேண்ட் டிரான்சிட் கிளாஸ் வரும். அதுல வண்டி போய் சேர வேண்டிய ஊருக்கு வந்து 7 நாள்தான். கடல் பாலிசி மாதிரி 60 நாள்னு நெனச்சுக்கிட்டு சென்னையில டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல சரக்கப் போட்டு வச்சிராதீங்க.

அண்ணே, சீல் உடையவே இல்ல, நம்பரும் சரியா இருக்கு. ஆனா உள்ள 40 மூட்டை இல்ல. "சீல் நல்லா இருக்கு, அதனால நீ ஏத்தும்போதே ஏத்தல"ன்னு நஷ்டத்த பாக்க இன்சூரன்ஸ்ல இருந்து வந்த சர்வேயர் எழுதிட்டாரு. என்ன பண்றது?

இதுதான் ரொம்ப வர்ற கேஸ், நிதானமா பாப்போம்.

சீல் நல்லா இருக்குன்னா கதவு திறக்கலன்னு அர்த்தம் இல்ல. கன்டெய்னர் கதவுல சீல் மாட்டுற கைப்பிடி இருக்கு பாருங்க, அது கதவோட ஒரு ரிவெட்டுலயோ போல்ட்டுலயோதான் நிக்குது. அந்த ரிவெட்டை டிரில் போட்டு எடுத்துட்டா சீலோட கைப்பிடி மொத்தமா கழண்டு வரும், கதவு திறக்கும், வேலை முடிஞ்சதும் புது போல்ட் மாட்டி மேல கொஞ்சம் பெயின்ட் அடிச்சிட்டுப் போயிருவான். கீல் பக்கமும் இதே மாதிரி பண்றது உண்டு. அதனால இறக்குற இடத்துல எடுக்குற போட்டோவுல சீல் நம்பரோட நிறுத்திராம, கைப்பிடியோட ரிவெட் தலை, நாலு லாக் கம்பி, கீல், எல்லாம் கிட்டப் போய் எடுக்கணும். ஒரு ரிவெட் மட்டும் பளபளன்னு புதுசா இருந்து மத்ததெல்லாம் துரு ஏறியிருந்தா, அந்த ஒரு போட்டோ பத்து பக்க கடிதத்துக்கு மேல பேசும். பெயின்ட் கலர் கொஞ்சம் மாறியிருக்கும், விரல வச்சு தேச்சா சில சமயம் ஒட்டக்கூட செய்யும்.

வெட்டுன சீலை குப்பையில போட்டுறாதீங்க, ரெண்டு துண்டையும் கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. ஐஎஸ்ஓ 17712 தரத்து போல்ட் சீலா, பிளாஸ்டிக் சீலாங்கிறதும் கேப்பாங்க. கஸ்டம்ஸ் இ-சீல் மாட்டியிருந்தா எந்த இடத்துல எப்ப ஸ்கேன் ஆச்சுங்கிற பதிவு இருக்கும், ஏஜென்ட் மூலமா வாங்கிருங்க. சீல் நம்பர் நடுவுல மாறியிருந்தா அது உங்களுக்கு நல்லதுதான், எந்த கை மாறுறப்ப மாறுச்சோ அங்கதான் முனை. துறைமுக கேட்ல கன்டெய்னர் உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் ஒரு கைமாத்து ரசீது போடுவாங்க, அதுல சீல் நம்பர் இருக்கும். கேட்டா தான் குடுப்பாங்க, கேக்கணும்.

ஆனா சர்வேயர் சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு. கப்பல் கம்பெனி குடுக்குற பில் ஆஃப் லேடிங்ல 500 மூட்டைன்னு இருந்தாலும் பக்கத்துலயே "இருப்பதாகச் சொல்லப்படுகிறது", "ஏத்துனதும் எண்ணுனதும் அனுப்புறவர்"னு போட்டிருப்பான். அதாவது நான் எண்ணல, நீ சொன்னே, நான் எழுதுனேன். அந்த பேப்பர வச்சு உள்ள 500 இருந்துச்சுன்னு யாரையும் நம்ப வைக்க முடியாது. அதுக்குத்தான் அடுத்த கேள்வி.

எடைச்சீட்டு போதுமா?

நல்ல எடைச்சீட்டுன்னா பாதி கேஸ் முடிஞ்ச மாதிரி. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

40 அடி கன்டெய்னர், 25 கிலோ வத்தல் மூட்டை 500. சரக்கு 12,500 கிலோ, கன்டெய்னர் காலி எடை கதவுலயே எழுதியிருக்கும், 3,800னு வச்சுக்கங்க, ஆக 16,300. ராமநாதபுரத்துல எடைமேடையில ஏத்தி, வண்டி எடைய கழிச்சு, 16,300 வந்துச்சு, சீட்டு இருக்கு. தூத்துக்குடி துறைமுகத்துல உள்ள போறப்பவும் 16,300. துபாய் ஜெபல் அலி துறைமுகத்துல இறங்குனப்ப 15,300. ஆயிரம் கிலோ, சரியா 40 மூட்டை. இப்ப ஏத்தும்போதே ஏத்தலன்னு யாரு சொல்ல முடியும்? துறைமுகத்துக்கு அப்புறம்தான் போயிருக்கு, அதுவும் பாலிசிக்குள்ள. தூத்துக்குடி கேட்லயே 15,300 வந்திருந்தா ஈசிஆர் ரோட்லதான் போயிருக்கு, அப்பவும் கோடவுன்ல இருந்து கோடவுன் பாலிசின்னா உள்ளதான், ஆனா அப்ப லாரிக்காரன் மேலயும் கேஸ் திரும்பும்.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. 2016 ஜூலைல இருந்து கன்டெய்னர் கப்பல் ஏறணும்னா சரிபாத்த மொத்த எடை, அதான் விஜிஎம், குடுத்தே ஆகணும். அத ரெண்டு வழியில குடுக்கலாம். முதல் வழி, நிரப்பி சீல் வச்ச கன்டெய்னர எடைமேடையில ஏத்தி எடுக்குறது. ரெண்டாவது வழி, மூட்டை எடை, பலகை எடை, கன்டெய்னர் காலி எடைன்னு கூட்டிப் போடுறது. ரெண்டாவது வழியில போட்ட விஜிஎம் வெறும் கூட்டல் கணக்கு. நீங்க 500னு சொன்னதையே இன்னொரு பேப்பர்ல வேற மாதிரி சொன்னதுதான், அது சாட்சி இல்ல. நூறு இருநூறு மிச்சம் பிடிக்க ரெண்டாவது வழியில போகாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், கேக்குறவங்க கம்மி.

எடையோட எண்ணிக்கைச் சீட்டும் வேணும். லோடுமேன் மேஸ்திரி கோடு போட்டு எண்ணுற அழுக்கு நோட்டு இருக்கே, அத கிழிச்சு எறியாதீங்க. கம்ப்யூட்டர்ல அடிச்ச பேக்கிங் லிஸ்ட்ட விட அஞ்சஞ்சா கோடு போட்டு, நடுவுல ஒரு அடிச்சல் திருத்தலோட, கீழ டிரைவர் கையெழுத்தோட இருக்குற அந்த நோட்டுப் பக்கத்த நம்புறவங்க ஜாஸ்தி.

எடை குறைஞ்சிருந்தாலே திருட்டுன்னு க்ளெய்ம் பண்ணலாமா?

கருவாடு காயும், வத்தல் காயும், பாசி காயும். காஞ்சு குறையுறது இயல்பான குறைவு, சட்டத்துலயே விலக்கி வச்சிருக்கு. மேல சொன்ன ஆயிரம் கிலோ நூத்துக்கு எட்டு வருது, "காஞ்சிருக்கும்"னு சொல்லிப் பாப்பாங்க. 460 மூட்டைதான் இருக்கு, ஒவ்வொண்ணும் 25 கிலோ இருக்குன்னு இறக்குன இடத்துல நாலு மூட்டைய எடைபோட்டுக் காட்டுனா வாய அடைக்கலாம். பேப்பர்ல மட்டும் குறைவா இருக்குறதும் நஷ்டம் இல்ல, சப்ளையர் கம்மியா அனுப்பிட்டு கூட எழுதியிருந்தா இன்சூரன்ஸ் தராதுன்னு 1999ல கோவன் வழக்குல, ஒரு பீன்ஸ் சரக்கு விஷயத்துல, லண்டன்ல தெளிவா சொல்லிட்டாங்க.

காக்கா, நான் எஃப்ஓபி தூத்துக்குடின்னுதான் விக்கிறேன். இன்சூரன்ஸ் துபாய்ல வாங்குறவர் எடுத்திருக்காரு. கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல போனா அவரு பாலிசியில வருமா?

உங்களுக்கு வராது. எஃப்ஓபின்னா கப்பல்ல ஏறுற வரைக்கும் ரிஸ்க் உங்களுது. சட்டம் என்ன சொல்லுதுன்னா, பாலிசி எடுக்குறப்ப சரக்குல உரிமை இல்லாட்டியும் பரவாயில்ல, நஷ்டம் நடக்குறப்ப இருக்கணும். ஈசிஆர்ல வேம்பார் பக்கம் லாரி நிக்கிறப்ப போச்சுன்னா அந்த நேரத்துல நஷ்டம் உங்களுது, பாலிசி அவருது, ரெண்டும் சேரல. "எப்ப போச்சு"ங்கிற கேள்வி இங்க "யாரோட பணம் போச்சு"ன்னு மாறுது.

அவரு க்ளெய்ம் பண்ணலாமாங்கிறது வேற. 1991ல ஆஸ்திரேலியாவுல ஒரு தோல் கம்பெனி கேஸ் வந்துச்சு, பிரேசில்ல இருந்து எஃப்ஓபில வாங்குன தோல், கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே திருடு போயிருச்சு, அப்ப வாங்குனவருக்கு உரிமையே வரல. ஆனா பாலிசியில "தொலைந்திருந்தாலும் தொலையாவிட்டாலும்"ங்கிற வாசகம் இருந்ததால பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்கு குடுக்கச் சொன்னாங்க. அதெல்லாம் அவரு வாங்கிக்கிற பாதுகாப்பு, உங்க கைக்கு அதுல ஒண்ணும் வராது. எஃப்ஓபிலயும், கப்பல் கூலி மட்டும் சேத்து இன்சூரன்ஸ் இல்லாம விக்கிற சி அண்ட் எஃப்லயும் விக்கிறவங்க கோடவுன்ல இருந்து கப்பல் ஏறுற வரைக்கும் தனியா ஒரு உள்நாட்டு டிரான்சிட் பாலிசி போட்டே ஆகணும். பிரீமியம் பெருசா ஒண்ணும் வராது. நம்ம பக்கம் சின்ன வியாபாரிகள் மொத்தமா கோட்டை விடுறது இந்த எடத்துலதான்.

சரக்கு காணாம போனதுக்கு அப்புறம் பாலிசி எடுத்தா?

தெரிஞ்சே எடுத்தா அது மோசடி, பேச்சே இல்ல. தெரியாம எடுத்திருந்தா சட்டத்துலயே இடம் இருக்கு: நஷ்டம் முன்னாடியே நடந்திருந்தாலும், எடுக்குறப்ப உங்களுக்கு அது தெரியாதுன்னா குடுக்கணும். அதனால "எப்ப போச்சு"ங்கிறதோட "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு"ன்னும் தோண்டுவாங்க. டிரைவர் போன் பண்ணுன நேரம், வாட்ஸ்அப் மெசேஜ், பாலிசி போட்ட நேரம், எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க.

இன்னொன்னு, இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவு: பிரீமியம் போய் சேராம ரிஸ்க் ஆரம்பிக்காது. ஓப்பன் பாலிசி, அதாவது பல லோடுக்கும் சேத்து ஒரே பாலிசி, வச்சிருக்கவங்க ஒவ்வொரு லோடையும் அனுப்புறதுக்கு முன்னாடியே அறிவிச்சிருங்க. நல்லெண்ணத்துல விட்டுப்போனத அப்புறம் கூட திருத்தலாம்னு சட்டம் சொல்லுது, ஆனா திருடு போன லோடு மட்டும் லேட்டா அறிவிச்சிருந்தா நல்லெண்ணம்னு யாரு நம்புவா.

எந்த பாலிசியிலயும் திருட்டு கவர் ஆகுமா?

ஆகாது. கார்கோ கிளாஸ் ஏ, அதான் ஆல் ரிஸ்க், அதுன்னா ஆகும். பி, சி ரெண்டுலயும் ஆகாது, "திருட்டு, சில்லறைத் திருட்டு, டெலிவரி ஆகாமை"ன்னு தனியா சேத்து வாங்கணும். உள்நாட்டு டிரான்சிட்லயும் ஏ-ல தான் வரும். தூத்துக்குடியில இருந்து மாலத்தீவுக்கு தோணியில அனுப்புறவங்க இத ரெண்டு தடவ படிக்கணும், ஏன்னா பழைய பாலிசி வாசகத்துல "திருடர்கள்"னு மட்டும் இருந்தா சட்டப்படி அது மறைஞ்சு நடக்குற திருட்டையும், தோணி ஆட்களே எடுக்குறதையும் சேக்காது. வெளி ஆள் வன்முறையா வந்து எடுத்தாதான்.

இலங்கை நேவி புடிச்சா, கஸ்டம்ஸ் புடிச்சா திருட்டு கணக்கா?

இல்ல. பிடிக்கிறது, பறிமுதல் பண்றது எல்லாம் ஏ கிளாஸ்லயே விலக்கு. கடற்கொள்ளை மட்டும் அந்த விலக்குக்கு விலக்கு. பீடி இலை, கடல் அட்டைன்னு கடத்துற சரக்கா இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க.

லாரி வழியில நின்னப்ப போச்சு. டிரைவர் ஒண்ணும் தெரியாதுங்கிறான். என்னென்ன எடுத்து வைக்கணும்?

வண்டி எப்ப எங்க இருந்துச்சுங்கிறத டிரைவர் வாயில கேக்காதீங்க, மெஷின்கிட்ட கேளுங்க. ஃபாஸ்டேக் டோல் பதிவு, ஜிபிஎஸ் பதிவு, இ-வே பில்ல வண்டி நம்பர் மாத்துன நேரம், டீசல் போட்ட பில்லு. ஐஸ் வண்டி, ரீஃபர்னு சொல்ற குளிர் கன்டெய்னர்னா உள்ள இருக்குற சூட்ட நேரத்தோட பதிவு பண்ற டெம்பரேச்சர் லாகர் இருக்கும். கணவாய் ஏத்துன வண்டியில ராத்திரி ரெண்டு மணிக்கு கதவு திறந்தா உள்ள சூடு ஏறி மறுபடி இறங்குறது கிராஃப்ல மலை மாதிரி தெரியும். திருட்டு நேரத்த இத விட சுத்தமா காட்டுற சாட்சி எதுவும் இல்ல. லாகரோட மெமரிய உடனே டவுன்லோட் பண்ணி வைங்க, அடுத்த டிரிப்புக்கு ரீசெட் பண்ணிருவாங்க.

டிரைவரே வண்டியோட போயிட்டான்னா அது வெறும் திருட்டு இல்ல, நம்பிக்கை மோசடி. எது எப்படியோ, லாரிக் கம்பெனிக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், புக் பண்ணுன தேதில இருந்து 180 நாளுக்குள்ள, 2007 சாலை வழி சரக்குச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. இன்சூரன்ஸ்காரன் குடுத்துருவான், நமக்கு எதுக்கு லாரிக்காரன் கூட வம்புன்னு விட்டுட்டா, "எங்க உரிமைய நீ கெடுத்துட்டே"ன்னு அந்த இன்சூரன்ஸ்காரனே உங்க மேல திரும்புவான்.

போலீஸ்ல சிஎஸ்ஆர் ரசீது குடுத்தாங்க. போதுமா?

போதாது. சிஎஸ்ஆர் நீங்க மனு குடுத்தீங்கங்கிறதுக்கு ரசீது, எஃப்ஐஆர் வழக்கு பதிவானதுக்கு. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு தெரியலன்னு அலைய விட்டா, எல்லை பாக்காம எஃப்ஐஆர் போடலாம்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ம் பிரிவுல இருக்கு, அதச் சொல்லுங்க. கடைசியில கண்டுபிடிக்க முடியலன்னு குடுக்குற சான்றும் க்ளெய்முக்கு கேப்பாங்க.

மனு எழுதுறப்ப ஒரு விஷயம். எழுதுறவரு "சம்பவம் நடந்த நேரம்?"னு கேப்பாரு, நம்மாளு பதட்டத்துல "ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும்"னு ஒரு ஊகத்தச் சொல்லிருவாரு. ஆறு மாசம் கழிச்சு ஜிபிஎஸ்ல பாத்தா பன்னெண்டு மணிக்கு வண்டி ஓடிக்கிட்டு இருந்திருக்கும், உடனே "மனுவே பொய்"ம்பாங்க. எஃப்ஐஆர் ஃபாரத்துலயே எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு கட்டம் இருக்கு. தெரியாதத தெரியாதுன்னே, ஒரு இடைவெளியாவே எழுதச் சொல்லுங்க: கடைசியா எண்ணுன நேரம், குறைவு தெரிஞ்ச நேரம், நடுவுல எப்பவோ.

சிசிடிவி இருக்குன்னு சொல்றாங்க, ஆனா குடுக்க மாட்டேங்குறாங்க.

பெட்ரோல் பங்க், எடைமேடை, டீக்கடை கேமரா எல்லாம் கொஞ்ச நாள்ல பழசு மேல புதுசு ஏறிரும். அன்னைக்கே எழுத்துல "இந்த தேதி, இந்த நேரம், அழிக்காம வைங்க"ன்னு கேட்டு ஒரு நகல்ல கையெழுத்து வாங்குங்க, போலீஸ் மனுவுலயும் அந்த கேமராவ எழுதுங்க. எடுத்த பதிவு நுகர்வோர் கமிஷன்ல, கோர்ட்ல நிக்கணும்னா சாட்சிய சட்டம் 63ம் பிரிவு சான்று வேணும். முன்னாடி 65பின்னு சொல்லிக்கிட்டு இருந்தோமே, அதேதான்.

லேட்டா தெரிஞ்சு லேட்டா சொன்னேன். க்ளெய்ம் போச்சா?

லேட்டுங்கிற ஒரே காரணத்துக்காக உண்மையான க்ளெய்ம தள்ளக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. 2020ல குர்ஷிந்தர் சிங் வழக்குல, அது வண்டி திருட்டு, எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு லேட்டா சொன்னது மட்டும் காரணம் ஆகாதுன்னு மூணு நீதிபதிகள் சொன்னாங்க. ஆனா லேட்டு இன்னொரு வழியில கொல்லும்: ரெண்டாவது முனை நகந்துக்கிட்டே போகும். கன்டெய்னர் கோடவுனுக்கு வந்து பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் திறந்தேன்னா, அந்த பதினஞ்சு நாள்ல உங்க கோடவுன்லயே போயிருக்கலாமேன்னு கேப்பான், பதில் சொல்ல முடியாது. வந்த அன்னைக்கே திறங்க. டெலிவரி ரசீதுல சும்மா கையெழுத்து போடாம "குறைவு, எண்ணிக்கை இவ்வளவு"ன்னு எழுதிட்டு போடுங்க. வெளிய தெரியாத குறைவுன்னா கப்பல் கம்பெனிக்கு 3 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும், வழக்குன்னா ஒரு வருஷம்தான்.

கோடவுன்லயே போயிருக்குன்னு முடிவாயிட்டா?

அப்ப மரைன் பாலிசி இல்ல, கோடவுன் திருட்டுக்குன்னு தனியா எடுக்குற பர்க்ளரி பாலிசி. அதுல உடைச்சு, பலவந்தமா நுழைஞ்சு எடுத்திருந்தாதான்னு வாசகம் இருந்தா அது இல்லாம குடுக்க வேண்டியதில்லன்னு 2004ல ஹர்சந்த் ராய் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. வாட்ச்மேனே சாவி போட்டுத் திறந்து எடுத்தா சிக்கல்தான்.

சர்வேயர் எழுதுனதுதான் கடைசி வார்த்தையா?

இல்ல, 2009ல பிரதீப் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது, சர்வேயர் அறிக்கை முக்கியம்தான், ஆனா யாரையும் கட்டிப்போடாது. அதுக்காக அவரோட சண்டைக்கு நிக்காதீங்க. அறிக்கை காப்பிய கேட்டு வாங்கி, எந்த வரியில நேரத்த தப்பா எடுத்திருக்காருன்னு பாத்து, அந்த வரிக்கு மட்டும் சீட்டோட பதில் எழுதுங்க.

மறுத்துட்டாங்க. எங்க போறது?

தனி உரிமையாளர் வியாபாரம், குறு நிறுவனம்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன், சென்னை, 50 லட்சம் வரைக்கும், செலவு இல்ல. இல்லாட்டி நுகர்வோர் கமிஷன், 2 வருஷத்துக்குள்ள. வியாபாரிக்கு அங்க இடமில்லன்னு சொல்லுவாங்க, 2023ல ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்குக்கு அப்புறம் அந்தப் பேச்சு எடுபடாது. எந்த கமிஷன்ங்கிறது நீங்க குடுத்த பிரீமியத்த வச்சுத்தான், 50 லட்சம் பிரீமியம் நம்ம ஊர்ல யாரு கட்டுறா, அதனால பெரும்பாலும் மாவட்டக் கமிஷனே போதும். பணம் குடுத்தா உங்க உரிமைய அவங்களுக்கு மாத்துற கடிதத்துல கையெழுத்து வாங்குவாங்க, அப்புறம் லாரிக்காரன் மேல வழக்குல உங்க பேரும் சேரும். 2010ல சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல இது சரின்னு சொல்லியாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல.

லோடு ஏத்துற அன்னைக்கு போட்டோ எது எது எடுக்கணும்?

காலி கன்டெய்னர் உள்ள, கதவுல நம்பரும் காலி எடையும் தெரியுற மாதிரி. பாதி லோடு. முழு லோடு, கடைசி வரிசை மூட்டை எண்ணுற மாதிரி. ஒரு கதவு மூடி ஒரு கதவு திறந்து, கன்டெய்னர் நம்பரும் சரக்கும் ஒரே ஃப்ரேம்ல. சீல் நம்பர், அப்புறம் ரிவெட், கீல். லாரி எடைமேடையில நிக்கிறது, சீட்டோட. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படத்துக்குள்ள இருக்குற தேதி, நேரம், இடம் எல்லாம் அழிஞ்சிரும். அதனால டாக்குமென்ட்டா அனுப்புங்க, எடுத்த போன்லயும் க்ளெய்ம் முடியுற வரைக்கும் அழிக்காம வைங்க, போன மாத்துனா மொதல்ல அத காப்பி எடுத்துக்கங்க.